சாவா மூவாப் பேராடு

(திருமுடிவாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஷிஃப்ட் முடித்துக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் நேராக இங்கே வந்திருக்கும் சிட்கோ தொழிற்பேட்டை நண்பர்களே, என்னோடு பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களே!

இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார் என்று வரவேற்புரையில் சொன்னார்கள். வட்டியை எடுத்துச் செலவு செய்யுங்கள், அசலில் கை வைக்காதீர்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு, ஏழைப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் தொழில்நுட்பத்துக்கு நிதி எங்கிருந்து வருவது என்பது. பதிலில் பாதி பெரியவரின் அந்த நிபந்தனையிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஓராயிரம் வருஷம் பின்னால் போக வேண்டும்.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர் விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆடு கொடுத்தார். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு, சில ஊர்களில் தொண்ணூற்றாறு. அந்த மந்தையை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடு. அப்படி ஓர் ஆடு உலகத்தில் கிடையாது. ஒன்று செத்தால் குட்டியைச் சேர்த்துக்கொள், கணக்கில் தொண்ணூறு குறையக்கூடாது, அவ்வளவுதான் அதன் பொருள். இன்றைய கணக்குப்பிள்ளை தேய்மானம் என்றும் தேய்மான நிதி என்றும் எழுதுவதை அன்றைக்கு மூன்று சொல்லில் கல்லில் வெட்டிவிட்டார்கள்.

பக்கத்துக் குன்றத்தூர் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். கோயிலுக்கு விளக்கெரித்த கணக்கு நமக்கு அன்னியமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும்போது மட்டும் நாம் ஆட்டை மறந்துவிட்டு விளக்கை மட்டும் கொடுக்கிறோம்.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பத்து கம்ப்யூட்டர் வந்தது. திறப்பு விழா, ரிப்பன், கத்தரிக்கோல், தட்டு, குழுப் படம் எல்லாம் ஆனது. முதல் வருஷம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள், ஏதோ சன்னிதிக்குப் போவது போல. மூன்றாவது வருஷம் யு.பி.எஸ். பேட்டரி உப்பிவிட்டது. கரண்ட் போகிற நேரம் பத்தும் ஒரே சமயத்தில் அணையும். இரண்டு ஹார்ட் டிஸ்க் அதிலேயே போயிற்று. எலி ஒரு பக்கம் வயரைக் கடித்தது. புது பேட்டரிக்கு விலைப்புள்ளி வாங்கினேன். அந்த ஆண்டு பள்ளிக்கு வந்த மானியத்தில் பாதிக்குமேல் அதற்கே வேண்டும்.

அந்த மானியம் என்ன என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளி மானியம் தருகிறார்கள். 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரத்துக்குமேல் இருந்தால் ஒரு லட்சம். என் பள்ளியில் 140 பேர். ஐம்பதாயிரத்தில் சாக்பீஸ், பதிவேடு, பினாயில், துடைப்பம், போர்வெல் மோட்டார் ரிப்பேர், உடைந்த கதவுத் தாழ்ப்பாள், சுவர் வெள்ளை எல்லாம் அடங்க வேண்டும். பேட்டரியா, கழிப்பறையா என்று கேட்டால் நான் கழிப்பறை என்றுதான் சொல்வேன். சொன்னேன். கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டு விழுந்தது.

பூட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மவுஸ் காணாமல் போனால்கூட இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். ஓய்வுபெறும் நேரத்தில் தணிக்கைத் தடை வந்தால் பென்ஷன் நிற்கும். ஓடாத கம்ப்யூட்டரால் எந்தத் தலைமையாசிரியருக்கும் தண்டனை வந்ததில்லை. தொலைந்த கம்ப்யூட்டரால் வந்திருக்கிறது. அப்புறம் எந்த எச்.எம். சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்? பூட்டி வைப்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சிட்கோவில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் அப்பா நினைவாக ஒரு பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு கொடுக்க விரும்பி என்னிடம் வந்தார். பேசிக்கொண்டே தன் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு சி.என்.சி. மெஷின் பக்கத்திலும் ஒரு அட்டை தொங்கியது. எண்ணெய் பார்த்த தேதி, கூலன்ட் மாற்றிய தேதி, பெல்ட், ஃபில்டர், பார்த்தவர் கையெழுத்து.

“சார், மெஷின் வாங்கும்போதே ஏ.எம்.சி., அதான் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், போட்டுவிடுவீங்களா?” என்று கேட்டேன்.

“அது இல்லாம எப்படி ஐயா? மெஷின் ஒரு நாள் நின்னா ஆர்டர் போயிடுமே.”

“ஸ்கூலுக்குக் கொடுக்கிற போர்டுக்கு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது அரசாங்கம் பார்த்துக்காதா?” என்றார்.

அரசாங்கம் என்ன பார்க்கிறது என்று பார்ப்போம். குறை சொல்வதற்கு முன்னால் செய்ததைச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு ஒரு லேப்டாப். நாட்டில் வேறெங்கும் இந்த அளவில் நடக்காத காரியம். பிறகு 3,090 உயர்நிலைப் பள்ளிகளிலும் 2,939 மேல்நிலைப் பள்ளிகளிலும் ஹைடெக் லேப் அமைத்தார்கள். அண்மையில் 22,931 தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறை, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட நடுநிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினி என்று திட்டமிட்டு நிறைவேற்றினார்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இரண்டு ஆட்சிகளும் செய்திருக்கின்றன. வாங்குவதில் நாம் பின்தங்கிய மாநிலம் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், சமக்ர சிக்ஷாவின் கணக்கைக் கவனியுங்கள். ஒரு பள்ளியில் கணினி ஆய்வகம் அமைக்க ஒருமுறைச் செலவாக 6 லட்சத்து 40 ஆயிரம் வரை. தொடர் செலவாக ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் வரை. மின்சாரம், இணையம், பயிற்றுநர் எல்லாம் இதற்குள். தொடர் செலவு எத்தனை ஆண்டுக்கு? ஐந்து. இதை எழுதிய அதிகாரி விவரமானவர்தான், தொடர் செலவை மறக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டு கழித்து விளக்கு எரிய வேண்டாமா? ஐந்தாம் ஆண்டு முடியும்போதுதான் பேட்டரி, மானிட்டர், மதர் போர்டு எல்லாம் ஒன்றாகக் கையை விரிக்கும். பணம் நிற்கிற வருஷமும் சாமான் சாகிற வருஷமும் ஒரே வருஷம்.

இதில் அரசியலும் புகுந்தது. சமக்ர சிக்ஷா பணத்தில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25க்குரிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஒப்பந்தம் கேட்கிற தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதா வேண்டாமா என்பதில் அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது, அதை இந்த மேடையில் சொல்லப்போவதில்லை. இணையக் கட்டணம் கட்டவேண்டிய தலைமையாசிரியருக்கு இரண்டு அரசுகளும் ஒன்றுதான். 2024 இறுதியில் அரசுப் பள்ளிகளின் பி.எஸ்.என்.எல். கட்டண பாக்கி செய்தித்தாள்களில் அடிபட்டதே, நினைவிருக்கும். கேபிள் இழுத்தாகிவிட்டது, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, மாதக் கட்டணத்துக்குத்தான் தவிப்பு.

‘கம்ப்யூட்டரால் பிள்ளை படித்துவிடுமா சார்’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்குப் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்து பார்த்தபோது கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் கூடவில்லை. குஜராத்தில் வடோதராவின் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அரசு தலா நான்கு கம்ப்யூட்டர் கொடுத்தது. பெரும்பாலானவை பயன்படவே இல்லை. என் பள்ளிக் கதைதான். பிறகு பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பயிற்றுநரை வைத்து, நாலாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கம்ப்யூட்டருக்கு இருவராக உட்காரவைத்து, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு நடத்தியது. கணக்கு மதிப்பெண் நன்றாகவே கூடியது. 2007இல் வெளிவந்த அந்த ஆய்வை எழுதியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஆய்வில் பலரும் மேற்கோள் காட்டாத ஒரு விஷயம் உண்டு. திட்டத்தை நிறுத்தி ஓராண்டு ஆனதும் கூடியதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. நெய் நின்றது, விளக்கு நின்றது.

டெல்லியில் நடந்த இன்னோர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டு வகுப்புக்கு மேல் பின்தங்கி இருந்தார்கள். மென்பொருள் அந்தந்தப் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து கேள்வி கேட்டது. நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு வாத்தியாரால் ஐம்பது இடத்திலிருந்து தொடங்க முடியாது. நான் முப்பத்து மூன்று வருஷம் முயன்றவன், அதனால் சொல்கிறேன். அந்த ஒரு வேலைக்கு மெஷின் வேண்டும். பவர்பாயிண்ட் காட்டுவதற்கு வேண்டாம்; அதற்குக் கரும்பலகையே போதும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. சிட்கோவுக்கு வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தான். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். டீச்சர் ஒரு மூலையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, படத்தோடு தமிழ்ச் சொல் கேட்கிற பாடத்தைப் போட்டுவிட்டார். யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் ஸ்கிரீனைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தான். மூன்று மாதத்தில் ‘வாழைப்பழம்’ என்று என்னைவிட நன்றாகச் சொன்னான். அதன் பிறகு அந்த ஹெட்போனின் ஒரு காது போயிற்று. புதிது வாங்க எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்று டீச்சர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தன் கைக்காசில் வாங்கினார். இந்த மாநிலத்தில் எத்தனை ஆசிரியர்கள் இப்படிக் கைக்காசில் தொழில்நுட்பம் நடத்துகிறார்கள் என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

சரி, தொடர்ந்து செலவு செய்வது நமக்குத் தெரியாத வித்தையா? இங்கேதான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நெ.து. சுந்தரவடிவேலு நம் காஞ்சிபுரம் மாவட்டத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். காமராசர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர். 1950களின் பிற்பகுதியில் அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் பெரிய இயக்கமாயின. ஊரே திரண்டு வந்து பெஞ்சு, கடிகாரம், மணி, பீரோ, கட்டட நிலம் என்று பள்ளிக்குக் கொடுத்தது. 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற நன்கொடைத் திட்டத்துக்கு அதுதான் மூத்த அக்கா என்பேன். ஆனால் அதே காலத்தில் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவைப் பாருங்கள். அதுவும் ஊரார் அரிசி, பருப்பு, விறகு கொடுத்துத் தொடங்கியதுதான். கடிகாரம் நின்றது, சோறு நிற்கவில்லை. ஏன்? அரசு அதைத் தினச் செலவாக ஏற்றது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கியபோதும் அப்படித்தான், சமைக்கிற ஆளோடு வந்தது. அடுப்பை மட்டும் கொடுத்துத் திறப்பு விழா நடத்திவிட்டு, அரிசியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த முதலமைச்சரும் சொன்னதில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் அடுப்பைக் கொடுக்கிறோம்.

அடுத்த மாநிலம் கேரளம் இதை ஓரளவு புரிந்துகொண்டது. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக்கினார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினார்கள். சாமான் விற்ற கம்பெனி புகார் வந்தபின் குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். இலவச மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் மன்றம் தொடங்கிப் பராமரிப்பில் பிள்ளைகளையே பழக்கினார்கள். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொலைத்தொடர்புக் கட்டணத்தோடு சேர்த்து வசூலாகும் ஒரு நிதியிலிருந்து பள்ளிகளின் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி. ஏழைப் பிள்ளை எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகத் தள்ளுபடி. நம்மிடமும் அதுபோன்ற நிதி ஒன்று டெல்லியில் இருக்கிறது, ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். ஒவ்வொரு அரசுப் பள்ளியின் மாதாந்திர இணையக் கட்டணமும் அதிலிருந்து போகவேண்டும் என்பது என் கட்சி. அதற்கு எம்.பி.க்களைத்தான் கேட்க வேண்டும், கேட்போம்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிகள் சட்டம் 135ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்தும். அவர்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அந்த வரம்புக்குள் வருபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. பெரிய கம்பெனி ஒரகடத்தில் இருக்கிறது, அதற்குப் பாகம் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. பட்டறைத் தொழிலாளியின் பிள்ளை படிக்கிற பள்ளிக்கு அந்தச் சட்டத்தை நம்பிக் காத்திருக்க முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அடையாறு கரை மீறி இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் தண்ணீர் நின்றது. மோட்டாரைக் கழற்றி, காயவைத்து, வார்னிஷ் அடித்துச் சில வாரத்தில் ஓட்டினீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நனைந்த சி.பி.யூ.க்களைக் கழிவு செய்ய அனுமதி கேட்ட கோப்பு நாலு வருஷம் சுற்றியது. உங்களிடம் இருப்பது பணத்தைவிடப் பெரிய சொத்து. ஓடுகிற சாமானை ஓடவைக்கத் தெரிந்த கை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று பணம். பத்துப் பட்டறைகள் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் பத்து லட்சம். ஏழு சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு எழுபதாயிரம். ஆடு மூப்படையாது, ஆனால் ரூபாய் மூப்படையும். அதனால் வட்டியில் கால்வாசியைத் திரும்ப அசலில் சேர்க்க வேண்டும். மிச்சம் ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. சுற்றியுள்ள மூன்று பள்ளிகளின் பேட்டரிக்கும் ஹெட்போனுக்கும் கீபோர்டுக்கும் அது போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் கணக்குப் பார்க்கட்டும். பெயர்ப் பலகை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், வைத்துக்கொள்ளுங்கள். அசலைக் கொடுத்தவர் என்று வையுங்கள், டி.வி. கொடுத்தவர் என்று வேண்டாம்.

இரண்டு, ஆள். கல்வெட்டில் ஆட்டோடு இடையர் பெயரும் இருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்கள் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனை இரண்டு மணி நேரம் பள்ளிக்கு அனுப்புங்கள். உங்கள் மெஷினில் தொங்குகிற அதே அட்டையை அங்கேயும் தொங்கவிடட்டும். தேதி, பார்த்தது, மாற்றியது, கையெழுத்து.

ஸ்மார்ட் போர்டு கொடுக்க வந்த நண்பர் இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறார். போர்டு வாங்கவில்லை. அவர் வாங்கி வந்த நோட்டு ஒன்று வாசல் மேசையில் இருக்கிறது. மூன்று பள்ளிகளுக்கும் நேரில் போய்க் கேட்டு, என்னென்ன ஓடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். முதல் வரியில் இருப்பது, ஹெட்போன் பன்னிரண்டு. எதிரே பெயர் எழுத இடம் விட்டிருக்கிறார். காபி சாப்பிடப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போங்கள்.